பாம்பு முட்டைக்குக் காத்திருத்தல்: கார்ன் பாம்பு வளர்ப்பவர்களின் முதல் பருவத்துக்கு

கார்ன் பாம்பு, பலர் வீட்டில் வளர்க்கும் நஞ்சில்லாத வட அமெரிக்கப் பாம்பு. ஒரு பெண் கார்ன் பாம்பு ஒரு தடவையில் 10 முதல் 20 முட்டை வரை இடும். அதில் 15 பொரிந்ததாக வைத்துக்கொள்வோம். குட்டி ஒன்றுக்கு ஐந்து நாளைக்கு ஒரு சுண்டெலிக் குட்டி என்றால் மாதத்துக்கு 90 வேண்டும். ஒன்றாகப் போட்டு வளர்க்க முடியாது என்பதால் 15 டப்பா, 15 தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள 15 மறைவிடம். இதையெல்லாம் குறைந்தது இரண்டு மூன்று மாதம் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மேலே படிக்கலாம்.

அதற்கு முன் இன்னொன்று. உங்கள் நாட்டில் இந்த இனத்தை வைத்திருக்கவும், இனப்பெருக்கம் செய்யவும், பிறருக்குக் கொடுக்கவும் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மூன்றுக்கும் தனித்தனி விதி இருக்கும் இடங்கள் உண்டு. காட்டில் பிடித்த பாம்பை வைத்து இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

கார்ன் பாம்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், புதியவர் செய்யும் பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் இனம் அது. பால் பைத்தான் என்ற சிறிய மலைப்பாம்பு வகையும் பலர் வீட்டில் உண்டு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர், குடிக்கிற பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதன் கணக்குகள் வேறு என்பதால் வித்தியாசப்படும் இடங்களில் மட்டும் சொல்கிறோம்.

ஜோடி தயாரா?

பெண் பாம்புக்கு வளர்ப்பவர்கள் சொல்லும் 'மூன்று' கணக்கு ஒன்று உண்டு: 3 வயது, 3 அடி நீளம், 300 கிராம் எடை. மூன்றும் சேர்ந்து வர வேண்டும். நிறையத் தீனி போட்டு 18 மாதத்திலேயே 300 கிராமுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அந்தப் பாம்பின் உடல் முட்டையைத் தள்ளும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வது இப்படி அவசரப்படுத்திய பாம்புகளுக்கு அதிகம். கொழுத்த பாம்பும் இதே ஆபத்தில்தான் இருக்கிறது. முதுகெலும்பு துருத்தாமலும், வாலடியில் சதை மடிப்பு விழாமலும் இருக்கிற உடம்பே சரி. ஆணுக்கு இரண்டு வயது போதும். பால் பைத்தான் என்றால் பெண் 1,500 கிராமைத் தொட்டிருக்க வேண்டும்.

ஆண் பெண் என்பதை ஊகத்தில் முடிவுசெய்ய வேண்டாம். ஆணின் வால் கழிவுத் துவாரத்துக்குக் கீழே சற்றுத் தூரம் தடிமன் குறையாமல் போய்ப் பிறகு சிறுக்கும். பெண்ணின் வால் உடனே சிறுத்துவிடும். இது ஓர் அறிகுறிதான். கழிவுத் துவாரத்தில் கம்பி விட்டு ஆழம் பார்க்கும் முறையே உறுதியானது, அதையும் பழகிய கையோ ஊர்வன மருத்துவரோ செய்யட்டும். இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து தலையைத் தூக்கி ஒன்றையொன்று தள்ளினால், 'இணைசேர்கின்றன' என்று மகிழாதீர்கள். அது பெரும்பாலும் இரண்டு ஆண்களின் மல்லுக்கட்டு.

புதிதாக வாங்கிய பாம்பை 90 நாள் தனி அறையில் வையுங்கள். பாம்பு உண்ணியும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால் வரும் வயிற்று நோயும் ஒன்றிடமிருந்து மற்றதற்குப் போகும். இரண்டும் சேரும் நாள், நோய் பரவவும் நல்ல நாள்தான்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: அல்பினோ போன்ற பல நிறங்கள் ஒடுங்கு மரபணுவால், அதாவது தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளியே தெரியும் மரபணுவால், வருபவை. வெளியே சாதாரணமாகத் தெரியும் இரண்டு பாம்புகள் அந்த மரபணுவைச் சுமந்தால், குட்டிகளில் சராசரியாக நாலில் ஒன்று அல்பினோவாக வரும். சராசரி என்றால் சராசரிதான். 12 முட்டையில் ஒன்றுகூட வராமல் போகலாம். பால் பைத்தானில் 'ஸ்பைடர்' என்ற வகையை விட்டுவிடுங்கள். அந்த மரபணுவோடு தலையாட்டமும் தள்ளாட்டமும் சேர்ந்தே வருகின்றன, பிரிக்க வழியில்லை.

குளிர்த்தூக்கம்

குளிர்காலம் முடிந்து வெப்பம் திரும்புவதுதான் கார்ன் பாம்புக்கு 'இனி இணைசேரலாம்' என்ற சைகை. குளிரவிடாமலே முட்டை இடுவதும் உண்டு. ஆனாலும் குளிரவிட்டால் இரண்டு பாம்பும் ஒரே நேரத்தில் தயாராகும்.

முதலில் தீனியை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வழக்கமான சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள் பலர். வயிற்றில் எலி இருக்கும்போது குளிரவிட்டால் செரிமானம் நின்றுபோய், உள்ளே இருப்பது அழுகும். பாம்பு செத்துப்போகும்.

குடல் காலியானதும் ஒரு வாரத்தில் படிப்படியாக 12 முதல் 14 டிகிரி செல்சியஸுக்கு இறக்குங்கள். இருட்டாக இருக்கட்டும். தண்ணீர் எப்போதும் வேண்டும். எட்டு முதல் பத்து வாரம் இப்படி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்; எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, வாயோரம் நுரை தெரிந்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ நிறுத்திவிட்டுச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி 4 டிகிரிக்கு இறங்கும் என்பதால் அதில் வைக்கக் கூடாது. உங்களால் 14 வரை குளிரவைக்க முடியாது என்றால், குளிர்த்தூக்கமே இல்லாமல் முயன்று பாருங்கள். அரைகுறையாக 20 டிகிரியில் இரண்டு மாதம் பட்டினி போடுவதைவிட அது மேல். அந்தச் சூட்டில் பாம்பு தூங்கவும் தூங்காது, செரிக்கவும் செரிக்காது, உடம்பில் இருப்பதைக் கரைத்துக்கொண்டிருக்கும்.

இணைசேர்த்தல்

குளிர்த்தூக்கம் முடிந்ததும் ஒரு வாரத்தில் மெல்லச் சூட்டைக் கூட்டி, முதலில் வழக்கத்தில் பாதி அளவு தீனி. பிறகு பெண்ணுக்கு ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை. முட்டைக்கான கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் இப்போது தின்பதிலிருந்துதான் போகும். சில வாரங்களில் அது சட்டை உரிக்கும். குளிர்த்தூக்கத்துக்குப் பிந்தைய அந்த முதல் சட்டைதான் பச்சைக்கொடி.

கடைசித் தீனி முடிந்து இரண்டு நாள் கழித்து, மாலையில் பெண்ணைத் தூக்கி ஆணின் பெட்டியில் விடுங்கள். ஆண் நாக்கை நீட்டி நீட்டி அதன் முதுகோடு போகும், உடம்பு வெட்டி வெட்டி அசையும், பிறகு வாலை வாலோடு சுற்றும். சேர்ந்தால் 10 முதல் 30 நிமிடம் அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் பிரிக்கவோ தூக்கவோ கூடாது. ஆணின் உறுப்பு கிழிந்துவிடும். தானாகப் பிரிந்த பிறகு பெண்ணை அதன் இடத்தில் விடுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை செய்தால் போதும்.

பெண் வாலை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினால் நேரம் வரவில்லை என்று பொருள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஆண் இந்தப் பருவத்தில் தின்ன மறுப்பது இயல்பு. கிங் ஸ்நேக் வகை வளர்ப்பவர்கள் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். அவை பாம்பு தின்னும் பாம்புகள், ஜோடி என்று நீங்கள் வைத்ததை அது இரை என்று நினைக்கலாம்.

வயிறு நிறைந்த பாம்பு

மூன்றாவது வாரத்தில் உடம்பின் பின்பாதி பருத்துத் தெரியும். கையில் தவழவிட்டால் உள்ளே வரிசையாக உருண்டைகள் தட்டுப்படும். அழுத்திப் பார்த்து எண்ணாதீர்கள். சூடான பக்கத்திலேயே கிடக்கும். தீனி குறையும், பிறகு நிற்கும். தின்னும்வரை சிறிய எலியாகக் கொடுங்கள், இடமில்லாத வயிற்றில் பெரியது தங்காது.

இணைசேர்ந்து சுமார் 30 முதல் 45 நாளில் முட்டை வரும். ஆனால் நாட்காட்டியைவிடச் சட்டையை நம்புங்கள். கண் மங்கி, முட்டைக்கு முந்தைய சட்டையை உரித்த நாளைக் குறித்துக்கொண்டால், அதிலிருந்து 7 முதல் 14 நாளில், பெரும்பாலும் பத்தாம் நாளை ஒட்டி, முட்டை இடும்.

சட்டை உரித்த அன்றே முட்டைப்பெட்டியை வைத்துவிட வேண்டும். சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 15 உயரம் உள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் 5 சென்டிமீட்டர் துளை. துளையின் விளிம்பைத் தேய்த்து மழுங்க வையுங்கள், வயிறு பெருத்த பாம்பின் தோலை அது கீறும். உள்ளே பாதியளவு ஸ்பேக்னம் பாசியை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து போடுங்கள். 26, 27 டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள்.

அதோடு பெரிய தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டு, பாம்பு உள்ளே இறங்க முடியாத சிறு கிண்ணம் வையுங்கள். பெட்டியில் ஈரமான இடம் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் என்றால் பாம்பு அதிலேயே முட்டை இட்டுவிடும், காலையில் நீங்கள் பார்ப்பதற்குள் எல்லாம் மூழ்கி வீணாகியிருக்கும். முதல் பருவத்தில் முழு ஈட்டையும் (ஒரு தடவையில் இட்ட முட்டைகள் அனைத்தையும்) இழப்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

இடத் தொடங்கினால் முடிய பல மணி நேரம் ஆகும். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பாதி இட்டுவிட்டு ஒரு நாளுக்கு மேல் நின்றுபோனாலோ, சட்டை உரித்து மூன்று வாரமாகியும் ஒன்றும் வராவிட்டாலோ, ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எண்ணெய் தடவி, கையால் நீவித் தள்ளும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். முட்டைக்குழாய் கிழிந்தால் தாயும் போய்விடும்.

அடைகாக்கும் பெட்டி

முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தெர்மோகோல் பெட்டி, அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) அல்லது ஹீட் கேபிள், சூட்டை அளந்து அதைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், ஓரங்களில் தண்ணீர் நிரப்பிய நாலைந்து பாட்டில். பாட்டில் எதற்கென்றால், மின்சாரம் போனாலும் கதவைத் திறந்தாலும் சூடு சட்டென்று இறங்காது. தெர்மோஸ்டாட்டின் உணரியை முட்டை டப்பாவின் உயரத்திலேயே பொருத்துங்கள். ஹீட் மேட்டின் மேல் ஒட்டினால் மேட்டின் சூட்டைத்தான் அது அளக்கும், முட்டையின் சூட்டை அல்ல. நம்பகமான இன்னொரு வெப்பமானியை டப்பாவுக்குள் வைத்து ஒத்துப்பாருங்கள்.

28 டிகிரியில் நிறுத்துங்கள். 26 முதல் 29 வரை ஏறி இறங்கினால் பாதகமில்லை. 32-ஐத் தாண்டியே இருந்தால் முதுகு வளைந்த குட்டிகளும் முட்டைக்குள்ளேயே இறப்பதும் அதிகமாகும். குளிர் கொஞ்சம் கூடினால் பொரிப்பது தள்ளிப்போகும், அவ்வளவுதான். எனவே தவறினால் குளிர்ந்த பக்கம் தவறுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை: தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்துமே தவிர குளிரூட்டாது. அறையே 33 டிகிரி என்றால் பெட்டிக்குள்ளும் 33தான். வெயில் காலத்தில் வீட்டிலேயே குளிர்ந்த அறையைத் தேடி வையுங்கள். பால் பைத்தான் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க முடியாது. சூட்டை மாற்றி ஆண் குட்டி பெண் குட்டி வரவைக்கலாம் என்பது ஆமைக்கும் முதலைக்கும் பொருந்தும், பாம்புக்கு இல்லை.

முட்டை டப்பாவைத் தயாரிப்பது இப்படி:

1. 4, 5 லிட்டர் மூடி டப்பா. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளை.
2. வெர்மிகுலைட்டும் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் இலேசான கனிமத் துகள்) தண்ணீரும் எடையில் சமம்: 300 கிராமுக்கு 300 மில்லி. கிண்ணக் கணக்கில் அளந்தால் தவறிவிடும், வெர்மிகுலைட் அவ்வளவு இலேசு.
3. கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். ஓரிரு துளிக்கு மேல் சொட்டினால் ஈரம் அதிகம், காய்ந்ததைச் சேருங்கள்.
4. 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கட்டைவிரலால் பள்ளம் பண்ணி முட்டையைப் பாதி புதையும்படி வையுங்கள்.
5. எல்லாம் வைத்து மூடிய பிறகு டப்பாவை நிறுத்து, எடையை மூடியிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசிப் படியைத் தவறவிடாதீர்கள். வாரம் ஒருமுறை நிறுத்தால், எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை மில்லி தண்ணீர்தான் ஆவியாகியிருக்கிறது. அதே சூட்டில் வைத்திருந்த தண்ணீரை ஓரமாக, முட்டையில் படாமல் ஊற்றி எடையைச் சரிக்கட்டினால் ஈரப்பதமானியின் தயவே வேண்டாம்.

முட்டையைக் கையாளுதல்

தாய்ப் பாம்பை மெதுவாக எடுத்துவிட்டு, முட்டை கிடக்கும் நிலையிலேயே ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும். கோழி முட்டையைப் புரட்டிவிடுவது போலப் பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது. சுமார் ஒரு நாளில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு திருப்பினால் மஞ்சள் கருவின் கனத்தில் அமுங்கிப்போகும். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தால் கொத்தாகவே வையுங்கள். பிய்த்தால் தோல் கிழியும்.

நல்ல முட்டை வெள்ளையாக, தோல்போல, அழுத்தினால் லேசாகக் கொடுத்து மீளும். சிறுத்து, மஞ்சளாக, மெழுகுபோல் இருப்பவை கூழ்முட்டைகள். சந்தேகம் இருந்தால் ஏழாம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சை முட்டையின் அடிப்பக்கம் ஒட்டிப் பிடியுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு ஒளியில் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடினால் உயிர் இருக்கிறது. ஒரே மஞ்சளாக, கோடே இல்லாமல் தெரிந்தால் இல்லை. இருந்தாலும் நாறாத முட்டையை எறிய வேண்டாம். பார்க்க மோசமானது பொரிந்ததும் உண்டு.

சுமார் 60 நாள்

28 டிகிரியில் 55 முதல் 65 நாள் ஆகும். இந்தக் காலத்தில் முட்டைகள் கெடுவதற்கு மிகப்பெரிய காரணம் வளர்ப்பவரின் கைதான். தினமும் திறப்பது, தொடுவது, 'காய்ந்த மாதிரி இருக்கிறதே' என்று மேலே தண்ணீர் தெளிப்பது. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து விசிறினாற்போல் காற்று மாற்றி மூடினால் போதும்; கடைசி இரண்டு வாரம் மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறை, உள்ளே வளர்ந்த குட்டிக்கு மூச்சுக்காற்று கூடுதலாக வேண்டும்.

மூடியின் அடியில் நீர்த்துளி கோத்து முட்டைமேல் சொட்டினால், டப்பாவின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு பென்சிலை வைத்துச் சாய்த்துவிடுங்கள். துளி ஓரமாக வழியும். ஒரு முட்டையில் வெள்ளைப் பூஞ்சை பூத்தால் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். உயிருள்ள முட்டை பூஞ்சையைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கொத்தின் நடுவில் ஒன்று செத்து அழுகினாலும் பக்கத்து முட்டைகள் பொரிவது வழக்கம். சிறு ஈக்கள் மொய்த்தால் மட்டும் துளைகளை நுண்வலையால் மூட வேண்டும், அவற்றின் புழு நல்ல முட்டைக்குள்ளும் போகும்.

முட்டையில் பள்ளம் விழுவதுதான் எல்லோரையும் பதறவைப்பது. எப்போது விழுகிறது என்று பாருங்கள். 20, 30-ஆம் நாளில் விழுந்தால் ஈரம் குறைவு; எடையைப் பார்த்துத் தண்ணீர் சேருங்கள், ஓரிரு நாளில் மீண்டும் புடைக்கும். 50-ஆம் நாளுக்கு மேல் விழுந்தால் பொரியும் நேரம் நெருங்குகிறது, ஒன்றும் செய்யாதீர்கள்.

இதற்கிடையில் தாயை மறந்துவிட வேண்டாம். முட்டை இட்டதும் பக்கவாட்டில் தோல் தொங்கி, பாதியாக இளைத்துக் கிடக்கும். இட்ட ஓரிரு நாளில் சிறிய எலியாகத் தொடங்கி நான்கைந்து நாளைக்கு ஒருமுறை கொடுங்கள். ஆணோடு சேராமலே சேமித்த விந்தால் இரண்டாவது ஈடு இடவும் கூடும், மறுபடி வயிறு பருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

கீறலும் குட்டியும்

ஒருநாள் முட்டைத்தோலில் சவர பிளேடால் போட்டது போல இரண்டு மூன்று கீறல் தெரியும். மூக்கு நுனியில் உள்ள முட்டைப்பல்லின் வேலை அது. கீறல் வழியே பிசுபிசுத்த சிறு தலை எட்டிப்பார்க்கும், உங்களைக் கண்டதும் உள்ளே போய்விடும். இப்படியே ஒரு நாள், இரண்டு நாள் உட்கார்ந்திருக்கும். மிச்ச மஞ்சள் கருவை உடலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே இழுத்தால் மஞ்சள் கருவை உடலோடு இணைக்கும் இரத்தக்குழாய் அறுந்து இரத்தம் போகும். கத்தரிக்கோலால் முட்டையைத் திறந்து 'உதவும்' பழக்கத்தை முதல் பருவத்தில் தொடவே வேண்டாம். தொப்புளில் மஞ்சள் கரு தொங்க வெளிவந்த குட்டியை ஈரமான டிஷ்யூ போட்ட சிறு கிண்ணத்தில் வைத்து அதே சூட்டில் விட்டால், காய்ந்து தானாக உதிரும்.

குட்டிகளைத் தனித்தனி டப்பாவில் பிரியுங்கள். ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும். தரையில் டிஷ்யூ, ஒரு பக்கம் 28, 29 டிகிரி. காற்றுத்துளை 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தலை நுழைந்தால் முழுப் பாம்பும் போய்விடும்.

7 முதல் 10 நாளில் முதல் சட்டை. அதற்கு முன் தீனி காட்டிப் பயனில்லை, வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. சட்டை உரித்ததும், உறையவைத்த, அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குட்டியில் ஆகச் சிறியதை வெந்நீரில் வைத்து உறைவு நீக்கி, துடைத்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வெடிக்கும். தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும்.

ஈட்டுக்கு இரண்டு மூன்றாவது தின்ன மறுக்கும். நான்கு நாள் விட்டு, குட்டியையும் இரையையும் சிறு கிண்ணத்தில் போட்டு மூடி, இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரையின் தலையை ஊசியால் குத்தி வாசம் வரவிடுங்கள். வலுக்கட்டாயமாக வாயில் திணிப்பது பழகியவர் வேலை. பாம்பைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி நலமான பாம்பிடமும் இருக்கும்.

கூடுதலாகப் போன குட்டிகளை வெளியே விடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. ஸ்பெயினைச் சேர்ந்த கிரான் கனாரியா தீவில் வளர்ப்பிலிருந்து தப்பிய கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்குகள் பெருகி, அங்கு மட்டுமே வாழும் பல்லிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன.

ஒவ்வொரு குட்டிக்கும் ஓர் அட்டை போடுங்கள்: பொரிந்த நாள், எடை, சட்டை உரித்த நாள், ஒவ்வொரு தீனியும், மறுத்தால் மறுத்த நாளும். தொடர்ந்து ஐந்து முறை தானாகத் தின்ற குட்டியை மட்டும் பிறரிடம் கொடுங்கள். அட்டையையும் சேர்த்துக் கொடுத்து, புது இடத்தில் முதல் ஐந்து நாள் தீனி காட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.